டாங்கிளை டப்பாவில் போட்ட கதை



"இது என்ன, வீட்டு விஷயம் எழுதுகிறவள் கம்ப்யூட்டர் சமாசாரத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாளே!" என்று மூக்கின் மேல் விரலை வைக்காதீர்கள். அம்மியும் ஆட்டுக்கல்லும் போய் மிக்ஸியும் கிரைண்டரும் வந்தபோது அவற்றை எப்படிக் கையாள வேண்டும் என்று நாம் கற்றுக்கொள்ளவில்லையா? இதுவும் அப்படித்தான். இன்று எத்தனையோ வீடுகளில் மகளோ மருமகளோ கூடத்தில் உட்கார்ந்தபடியே ஆபீஸ் வேலை பார்க்கிறாள். பிள்ளைகளின் பாடமும் பாதி அதில்தான். நமக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று ஒதுங்கி நிற்க முடியுமா? நிற்கலாம் என்று நினைத்தவள்தான் நானும். அதனால் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன், கேளுங்கள்.

சென்ற வருஷம் என் மகளுக்கு ஏழாம் மாதம் வளைகாப்பு முடித்து, தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். எங்களுக்குக் கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். மகளுக்குச் சென்னையில் வேலை. வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று ஆபீசில் அனுமதி கொடுத்திருந்தார்கள். மகப்பேறு விடுப்பு சட்டப்படி 26 வாரம். அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம். "முன்னாடியே எடுத்துட்டா அப்புறம் குழந்தையோட இருக்கிற நாள் குறைஞ்சு போயிடும்மா. முடிஞ்ச வரைக்கும் வேலை பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டாள். நியாயம்தானே? ஒவ்வொரு நாளாக அவள் சேமித்து வைப்பது பிறக்கப்போகும் குழந்தைக்காக அல்லவா!

எங்கள் தெருவுக்கு இன்டர்நெட் கேபிள் வரவில்லை. ஆகவே லாப்டாப்போடு கூடவே ஒரு டாங்கிளையும் கொண்டு வந்திருந்தாள். கட்டைவிரல் அளவு இருக்கும். "இதுக்குள்ள ஒரு சிம் கார்டு இருக்கும்மா. செல்ஃபோன் மாதிரியே டவரோட பேசி இன்டர்நெட்டைக் கொண்டு வரும்" என்றாள். முன்காலத்தில் இது நிஜமாகவே ஒரு தட்டைக் கார்டாக இருந்ததாம். லாப்டாப்பின் பக்கவாட்டில் இருக்கும் சந்தில் செருகுவார்களாம். அதனால்தான் இன்றும் பலர் இதை 'நெட் கார்டு', 'டேட்டா கார்டு' என்றே சொல்கிறார்கள். இப்போது கிடைப்பவற்றில் மூன்று தினுசு உண்டு. லாப்டாப்பில் செருகினால் அதற்கு மட்டும் இணைப்புத் தருவது ஒன்று. செருகின இடத்திலிருந்து சுற்றிலும் வைஃபை பரப்பி, பல கருவிகளுக்கு இணைப்புத் தருவது இன்னொன்று. சொந்தமாக பாட்டரி வைத்துக்கொண்டு, சட்டைப் பையில் போட்டுக்கொள்கிற மாதிரி வருவது மூன்றாவது. என் மகளுடையது இரண்டாவது தினுசு. நம் கைபேசியில் 'ஹாட்ஸ்பாட்' போடுகிறோமே, அதுவும் ஏறக்குறைய இதே வேலைதான்.

வந்த அன்றைக்கே எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. வயிற்றில் குழந்தை; மடியில் லாப்டாப்; அதன் பக்கவாட்டில் அலை வீசும் கருவி! பக்கத்து வீட்டு அக்கா வேறு, "அந்த ரேடியேஷன் குழந்தைக்கு ஆகாதுங்க, ஜாக்கிரதை" என்று ஏற்றிவிட்டுப் போனாள். அப்புறம் கேட்பானேன்! கடையிலிருந்து 1 மீட்டர் நீளத்தில் ஒரு யு.எஸ்.பி. நீட்டு வயர் வாங்கி வரச் சொன்னேன். டாங்கிளை அதன் முனையில் மாட்டி, எவர்சில்வர் டப்பா ஒன்றுக்குள் போட்டு, வயர் வெளியே வருகிற அளவுக்கு மட்டும் இடம் விட்டு மூடி வைத்தேன். அலை டப்பாவைத் தாண்டி வராது என்று எனக்குப் பெரிய நிம்மதி.

மறுநாள் காலை மகள் ஆபீஸ் மீட்டிங்கில் பேசிக்கொண்டே இருக்கும்போது பாதியில் அறுந்து போயிற்று. மறுபடி இணைந்தது, மறுபடி அறுந்தது. "என்னம்மா இது, நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சே!" என்று வயரைப் பிடித்துக்கொண்டே வந்தவள், டப்பாவைத் திறந்து டாங்கிளைத் தொட்டாள். சுரீர் என்று கையை இழுத்துக்கொண்டாள். அத்தனை சூடு!

மாப்பிள்ளைக்கு நெட்வொர்க் சம்பந்தமான வேலை. விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரிக்காமல் இருந்தாரே, அது அவருடைய பெருந்தன்மை. "அத்தை, தூரமா வைக்கணும்னு நீங்க வயர் வாங்கினது ரொம்ப நல்ல யோசனை. டப்பாதான் தப்பாப் போச்சு" என்று ஆரம்பித்து, ஃபோனிலேயே பொறுமையாக விளக்கினார். நான் புரிந்துகொண்டதை உங்களுக்குச் சொல்கிறேன்.

டாங்கிள் டவரோடு பேசுகிறது. டவர் நன்றாகக் கேட்கிற இடத்தில் இருந்தால் மெல்லிய குரலிலேயே பேசும். இடையில் இரும்பு பீரோ, தண்ணீர்த் தொட்டி, எவர்சில்வர் டப்பா என்று தடை இருந்தால், கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்து கத்துகிற மாதிரி, தன் சக்தியைக் கூட்டிக்கொண்டே போகும். அதனால்தான் சூடு. ஆக, அலையைக் குறைக்கிறேன் என்று நான் செய்த காரியம் அதைக் கூட்டத்தான் செய்தது!

சரி, அந்த அலைதான் எவ்வளவு? 4ஜி கருவி ஒன்று எவ்வளவு கத்தினாலும் அது அனுப்பும் அலையின் சக்தி சுமார் 0.2 வாட்தான். இராத்திரி எரிய விடுகிறோமே குட்டி எல்.இ.டி. விளக்கு, அதற்கே அரை வாட் வேண்டும். நம் சமையலறை மைக்ரோவேவ் அடுப்பு 2.45 கிகாஹெர்ட்ஸ் அலையில்தான் வேலை செய்கிறது. வைஃபையின் ஒரு வகை அலையும் ஏறக்குறைய அதேதான். ஆனால் அடுப்பு 800 வாட் சக்தியைப் பெட்டிக்குள் அடைத்து வைத்துச் சமைக்கிறது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. மேலும் எக்ஸ்ரே மாதிரி நம் உடலின் மரபணுவை உடைக்கும் சக்தி இந்த அலைக்குக் கிடையாது. மிக அதிக வலுவில் வந்தால் சூடாக்கும், அவ்வளவுதான்.

"அப்படியானால் புற்றுநோய் வரலாம் என்று பட்டியலில் போட்டார்களே?" என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2011-இல் ரேடியோ அலைகளை '2பி' என்ற பிரிவில் வைத்தது உண்மை. 'இருக்கலாமோ என்று சந்தேகம், ஆனால் போதிய சான்று இல்லை' என்கிற பிரிவு அது. கற்றாழையின் முழு இலைச் சாறும் அதே பிரிவில்தான் இருக்கிறது! அதற்குப் பிறகு, உலக சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்டதன்பேரில் பழைய ஆராய்ச்சிகளை எல்லாம் ஒன்று சேர்த்துப் பார்த்து 2024-இல் ஒரு அறிக்கை வந்தது. செல்ஃபோனைக் காதில் வைத்துப் பேசுவதற்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு தெரியவில்லை என்பதுதான் அதில் கண்ட முடிவு. தலையை ஒட்டி வைத்துக்கொள்ளும் ஃபோனுக்கே அப்படி என்றால், ஒரு கை தூரத்தில் இருக்கும் டாங்கிளை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

அதற்காக உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளலாம் என்று நான் சொல்லவில்லை. தூரம் இரண்டு மடங்கானால் அலையின் வலு ஏறக்குறைய நாலில் ஒரு பங்காகிவிடும். செலவில்லாத வைத்தியம்! டாங்கிளை நீட்டு வயரில் மாட்டி, டவர் இருக்கும் திசையில் உள்ள ஜன்னல் ஓரத்தில், வெயில் படாமல் வைத்தோம். வேகமும் கூடிற்று, சூடும் குறைந்தது.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை.

ஒரு நாள் சாயங்காலம் கால் வலிக்கிறது என்றாளே என்று மகளுக்கு வெதுவெதுப்பாக எண்ணெய் தடவிவிட்டேன். அப்போதுதான் பார்த்தேன்: இடது தொடையில் வலைப் பின்னல் மாதிரி பழுப்பும் சிவப்புமாகக் கோடு கோடாகத் திட்டு. அரிப்பு இல்லை, வலி இல்லை. அவளுக்கே அது தெரியாது. கர்ப்ப காலத்தில் ஏதாவது புது வியாதியோ என்று எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மறுநாள் டாக்டரம்மாவிடம் காட்டினோம். பார்த்தவுடனே, "லாப்டாப்பை மடியில வெச்சுக்கிட்டு எத்தனை மணி நேரம் உட்காருறே?" என்று கேட்டார். மகள் தலையைக் குனிந்துகொண்டாள். காலையில் மேஜையில் ஆரம்பிப்பாள். மத்தியானம் ஆனால் முதுகு வலிக்கிறது என்று கட்டிலில் சாய்ந்து, மெல்லிய நைட்டியோடு மடியில் வைத்துக்கொண்டு நாலு மணி, ஐந்து மணி நேரம். தினமும்.

தோலைச் சுட்டுவிடாத, ஆனால் விடாமல் படுகிற மிதமான சூட்டினால் வருகிற திட்டாம் அது. அந்தக் காலத்தில் குளிர்ப் பிரதேசங்களில் கணப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பவர்களுக்கு வரும். காஷ்மீரத்தில் உடைக்குள் காங்ரி என்கிற நெருப்புச் சட்டியை வைத்துக்கொள்பவர்களுக்கு வரும். வெந்நீர்ப் பையை ஒரே இடத்தில் நாள்தோறும் வைத்து ஒத்தடம் கொடுத்தாலும் வரும். இப்போது லாப்டாப்பினால் வருகிறது. சுவிட்சர்லாந்தில் 12 வயதுப் பையன் ஒருவனுக்கு, மடியில் லாப்டாப் வைத்து விளையாடியதில் இடது தொடையில் இப்படி வந்ததை 2010-இல் அங்குள்ள டாக்டர்கள் குழந்தை மருத்துவப் பத்திரிகையில் எழுதியிருக்கிறார்கள். சீக்கிரம் கண்டுபிடித்துச் சூட்டை விலக்கினால் மெல்ல மறைந்துவிடும். வருஷக்கணக்கில் விட்டால் கறை நிலைத்துப் போகும். அபூர்வமாக அந்த இடத்துத் தோலில் புற்றுநோய் வருவதும் உண்டாம்.

"குழந்தைக்கு ஒண்ணும் இல்லையே டாக்டர்?" என்று கேட்டேன். "தோல்ல படுற இந்தச் சூடு குழந்தைக்குப் போகாதும்மா. ஆனா கர்ப்பிணிப் பெண் மணிக்கணக்கா அசையாம உட்காரக்கூடாது. கால் வீங்கும், ரத்தம் உறையறதுக்கும் வாய்ப்பு இருக்கு. அரை மணிக்கு ஒரு தரம் எழுந்து நாலு அடி நடக்கணும். மேஜையில வெச்சு வேலை செய், முதுகுக்குத் தலையணை வெச்சுக்கோ" என்று மகளைப் பார்த்துச் சொன்னார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு ஒரே எண்ணம். கண்ணுக்குத் தெரியாத அலைக்குப் பயந்து எவர்சில்வர் டப்பாவைத் தேடினேனே, கண்ணெதிரே மடியில் கொதித்துக்கொண்டிருந்த சூட்டை ஒரு நாள் கையை வைத்துப் பார்த்தேனா?

மூன்றாவது விஷயம்தான் இன்னும் சங்கடம். அதில் தப்பு முழுவதும் என்னுடையது.

ஒரு நாளைக்கு இவ்வளவு டேட்டா என்று மகள் பணம் கட்டியிருந்தாள். முதல் மாதம் இராத்திரி வரை தாராளமாக இருந்தது, அடுத்த மாதம் மத்தியானத்துக்கே தீர்ந்து போகத் தொடங்கிற்று. தீர்ந்தால் ஆமை வேகம். இரண்டு நாள் வேலை பாதியில் நின்று, ஆபீசில் மேலதிகாரி, "முடியலைன்னா லீவு எடுத்துக்கோங்களேன்" என்று சொல்லிவிட்டார். அவள் சேமித்து வைத்த நாட்கள்! அன்றைக்கு அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

இராத்திரி உட்கார்ந்து டாங்கிளின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். எத்தனை கருவிகள் இணைந்திருக்கின்றன என்று அதில் தெரியும். எங்கள் வீட்டுக் கணக்கு மூன்று: லாப்டாப், அவள் ஃபோன், என் ஃபோன். அதில் இருந்ததோ ஏழு! "அம்மா, யாருக்காவது பாஸ்வேர்டு கொடுத்தியா?" என்று கேட்டாள்.

எனக்குத் தொண்டையை அடைத்தது. மாடியில் குடியிருப்பவர்களின் பையன் ஒரு நாள் வந்து, "ஆன்ட்டி, ஒரே ஒரு ஃபாரம் அனுப்பணும், கடைசி நாள்" என்றான். காலேஜில் படிக்கிற பிள்ளை. டாங்கிளின் முதுகில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்து நான்தான் படித்துக் காட்டினேன். காப்பிப்பொடி கடன் கொடுக்கிற மாதிரி நினைத்துக்கொண்டேன். அவன் தன் சிநேகிதர்களுக்குச் சொல்லியிருக்கிறான். அவர்கள் தெருத் திண்ணையில் உட்கார்ந்து சினிமா பார்த்திருக்கிறார்கள்.

"டேட்டா போனாப் பரவாயில்லை அத்தை" என்றார் மாப்பிள்ளை. "இந்த சிம் உங்க மகள் பேர்ல இருக்கு. இது வழியா யார் என்ன செஞ்சாலும் முதல்ல தேடிக்கிட்டு வர்றது நம்ம வீட்டுக்குத்தான்."

அது வெறும் பயமுறுத்தல் இல்லை, சகோதரிகளே. 2008 ஜூலை 26-ஆம் தேதி ஆமதாபாத்தில் தொடர் குண்டு வெடிப்பு நடந்தது நினைவிருக்கும். அதற்குச் சற்று முன்னால் பத்திரிகை, டி.வி. அலுவலகங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. போலீசார் அதன் தடம் பிடித்துப் போய்ச் சேர்ந்தது நவி மும்பையில் குடியிருந்த ஒரு வெளிநாட்டவர் வீட்டுக்கு. அவருடைய வயர்லெஸ் இணைப்பு சரியான பூட்டு இல்லாமல் இருந்தது; அதை வேறு யாரோ உபயோகித்திருந்தார்கள். அவருக்கும் அந்தக் கொடுமைக்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் விசாரணைக்கு ஆளானது அவர்தானே?

மறுநாள் மாடி ஏறிப் போய் அந்தப் பையனின் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். சொல்வதற்கு நாக்கு கூசிற்று. அவள் முகமும் வாடிற்று. ஆனாலும், "நீங்க சொன்னது நல்லதாப் போச்சுக்கா, மாசமா இருக்கிற பொண்ணோட வேலைக்கு இடைஞ்சல் பண்ணிட்டானே" என்றாள். பையன் இரண்டு நாள் என் எதிரில் வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, பாஸ்வேர்டை மாற்றுவதற்கு அவனே மகளுக்குக் கூட உட்கார்ந்து உதவினான். நல்ல பிள்ளைதான். கொடுக்கக் கூடாததைக் கொடுத்தது நான்.

இனி, நாங்கள் செய்துகொண்ட ஏற்பாடுகளை வரிசையாகச் சொல்கிறேன். வேண்டியதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

1. இரண்டு பூட்டு: டாங்கிளுக்கு இரண்டு பாஸ்வேர்டு உண்டு. வைஃபை பாஸ்வேர்டு வாசல் பூட்டு. அமைப்புப் பக்கத்தைத் திறக்கும் பாஸ்வேர்டு பீரோ பூட்டு. பல பேர் வாசல் பூட்டை மட்டும் மாற்றிவிட்டு, பீரோவுக்கு 'அட்மின்' என்று கம்பெனி போட்டதையே விட்டுவிடுகிறார்கள். வாங்கின அன்றைக்கே இரண்டையும் மாற்றிவிடுங்கள்.

2. நல்ல பாஸ்வேர்டு: பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, கைபேசி எண் வேண்டாம். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலு சொற்களைச் சேருங்கள். முருங்கை, தபால், யானை, கோலம் என்கிற மாதிரி! ஆங்கில எழுத்தில் அடித்து நடுவே ஒரு எண்ணும் போட்டால் நமக்கு மறக்காது, பிறருக்குச் சுலபத்தில் கிடைக்காது. (இதையே வைத்துக்கொள்ளாதீர்கள், ஊருக்கே தெரிந்துவிட்டது!) வைஃபையின் பெயரிலும் உங்கள் பெயர், வீட்டு எண் வேண்டாம்.

3. பூட்டின் ரகம்: அமைப்புப் பக்கத்தில் 'செக்யூரிட்டி' என்ற இடத்தில் டபிள்யூ.பி.ஏ.3 இருந்தால் அது, இல்லாவிட்டால் டபிள்யூ.பி.ஏ.2. பழைய டபிள்யூ.ஈ.பி. என்பதை உடைத்துவிடலாம் என்று 2001-லேயே தெரிந்துவிட்டது. 'ஓப்பன்' என்று இருந்தால் கதவே இல்லை என்று அர்த்தம்.

4. வாரம் ஒரு தரம் தலை எண்ணுங்கள்: எத்தனை கருவிகள் இணைந்திருக்கின்றன என்று பாருங்கள். கணக்கு உதைத்தால் உடனே பாஸ்வேர்டை மாற்றுங்கள். விருந்தாளிக்குக் கொடுக்க நேர்ந்தாலும் அவர்கள் ஊருக்குப் போனதும் மாற்றிவிடலாம். வேலை முடிந்ததும் டாங்கிளைக் கழற்றி வைப்பது இன்னும் உத்தமம்; சூடும் மிச்சம், டேட்டாவும் மிச்சம்.

5. லாப்டாப்புக்கு அப்டேட்: டேட்டா வீணாகிறது என்று அப்டேட்டை ஒரேயடியாக நிறுத்தி வைப்பவர்கள் உண்டு. விண்டோஸில் 'மீட்டர்டு கனெக்ஷன்' என்று ஒரு வசதி இருக்கிறது. அதைப் போட்டால் பெரிய அப்டேட்கள் கேட்காமல் இறங்கி டேட்டாவை விழுங்காது. டேட்டா மிச்சமிருக்கும் இரவில் நாமே இறக்கிக்கொள்ளலாம். விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. பழைய லாப்டாப் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

6. இலவச வைஃபை: ஆஸ்பத்திரி, ஓட்டல், ரயில் நிலையத்தில் கிடைக்கும் இலவச வைஃபையில் பாங்கு வேலை வேண்டாம். அதற்குச் சொந்த டாங்கிளோ ஃபோனோதான் நல்லது. தவிர்க்க முடியாமல் இணைந்தால், விண்டோஸ் கேட்கும்போது 'பப்ளிக்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இணையதள முகவரியின் பக்கத்தில் பூட்டுப் படம் இருக்கிறதே என்று மட்டும் நம்பிவிடக்கூடாது. போகிற வழி பத்திரம் என்றுதான் அதற்கு அர்த்தம். போய்ச் சேருகிற கடைக்காரன் யோக்கியன் என்று அர்த்தம் இல்லை.

7. ஃபோனில் வரும் வலை: "உங்க நெட் கார்டு கே.ஒய்.சி. முடியலை, இன்னிக்கு ராத்திரி கட் ஆயிடும்" என்று யாராவது பேசினால், அவர்கள் சொல்லும் ஆப்பை இறக்காதீர்கள், ஓ.டி.பி. சொல்லாதீர்கள். நம் லாப்டாப்பை எங்கிருந்தோ இயக்குவதற்கான தந்திரம் அது. தப்பித் தவறிப் பணம் போய்விட்டால், வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். மத்திய அரசின் சைபர் குற்றப் புகார் எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை இடையில் நிறுத்தி வைக்க வழி உண்டு. டாங்கிள் தொலைந்தால் உள்ளே இருக்கும் சிம்மையும் உடனே முடக்கச் சொல்லுங்கள். நம் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்பதைத் தொலைத்தொடர்புத் துறையின் 'சஞ்சார் சாத்தி' இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

8. சூடும் பாட்டரியும்: லாப்டாப்பை மெத்தை, தலையணை மேல் வைத்தால் அதன் காற்றுத் துவாரம் அடைபடும். மேஜைதான் அதற்கு இடம். பாட்டரி உள்ள தினுசு டாங்கிளைத் தலையணைக்கு அடியில் வைத்து இரவெல்லாம் சார்ஜ் போடவே கூடாது. பாட்டரி உப்பியிருந்தால் அன்றோடு உபயோகத்தை நிறுத்திவிடுங்கள்.

9. தவழும் குழந்தை உள்ள வீடு: லாப்டாப்பின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் டாங்கிள் குழந்தையின் கைக்கு நேராக இருக்கும். இழுத்தால் டாங்கிளும் போகும், லாப்டாப்பின் சந்தும் உடையும். அதைவிட முக்கியம், டாங்கிளின் மூடியும் அந்தத் துக்கிணியூண்டு சிம் கார்டும் வாய்க்குள் போகிற அளவு. ஊக்கு, பொத்தான் மாதிரி நினைத்துக் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். நீட்டு வயரும் தரையில் தொங்கக்கூடாது.

இவ்வளவும் செய்ய எங்களுக்கு ஒரு சாயங்காலம் பிடித்தது. நீட்டு வயருக்கு ஆன சொற்பத் தொகையைத் தவிர வேறு செலவு இல்லை. அதற்குப் பிறகு மகள் மேஜையில் உட்கார்ந்து, அரை மணிக்கு ஒரு தரம் கொல்லைப்புறம் வரை நடந்துவிட்டு வந்து, வலி எடுப்பதற்கு 9 நாள் முன்பு வரை வேலை பார்த்தாள். விடுப்பு ஏறக்குறைய முழுசாக மிஞ்சிற்று. இப்போது பேரனுக்கு ஐந்து மாதம். குப்புற விழுந்து தலையைத் தூக்கிப் பார்க்கிறான். மகளின் தொடையில் இருந்த திட்டும் மங்கி, உற்றுப் பார்த்தால்தான் தெரிகிறது.

அந்த எவர்சில்வர் டப்பாவை எடுத்துக் கழுவி, மருந்துப் பொடி போட்டு வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வருகிற மாப்பிள்ளை அதைப் பார்க்கும்போதெல்லாம், "அத்தை, சிக்னல் நல்லா வருதா?" என்று கேட்காமல் போவதில்லை!

உங்கள் வீட்டிலும் லாப்டாப்போடு ஒரு டாங்கிளோ ஹாட்ஸ்பாட்டோ இருந்தால், இன்றைக்கு மத்தியானம் ஓய்வாக இருக்கும்போது இரண்டு காரியம் செய்யுங்கள். லாப்டாப்பின் அடியில் கையை வைத்துப் பாருங்கள். டாங்கிளின் முதுகில் ஒட்டியிருக்கும் சீட்டில் உள்ள பாஸ்வேர்டுதான் இன்னமும் நடப்பில் இருக்கிறதா என்று மகளிடமோ மருமகளிடமோ கேளுங்கள். "உங்களுக்கு எதுக்கு அத்தை இதெல்லாம்?" என்று அவள் கேட்டால், என் கதையைச் சொல்லுங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.